மரத்துக்கு மழைக்காப்பு உண்டு, லயத்துக்கு?

(தென்மேல் பருவமழைக்கு முன்னர், கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டத் தலைவர்களுக்கும் மாதர் சங்கத் தலைவிகளுக்கும் நடத்தப்பட்ட வகுப்பில், எமது அமைப்பாளரான தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை.)



இன்றைக்குச் சம்பளத்தைப் பற்றிப் பேச நாம் கூடவில்லை. அதற்கு வேறு கூட்டம் இருக்கிறது. இன்று பேசப்போவது கூரையைப் பற்றி. இது சின்ன விஷயம் என்று யாராவது நினைத்தால், மே மாதத்தில் ஒரு இரவு மேல் டிவிசன் லயத்தில் வந்து படுத்துப் பார்க்கட்டும்.

நாம் வாழ்கிற சப்ரகமுவ, நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் பகுதிகளில் ஒன்று. இரத்தினபுரியில் வருடத்துக்குச் சராசரியாக 3,500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. யாழ்ப்பாணத்தில் பெய்வதைப்போல் அது இரண்டு மடங்குக்கும் அதிகம். இந்த மழை நம்மை இரண்டு தடவை அடிக்கிறது. காலையில் பெய்தால் பால் வெட்டு இல்லை. இறப்பர் மலையில் அன்றைய பெயர் போய்விடும். இரவில் பெய்தால் வீட்டுக்குள் வந்துவிடும். சம்பளத்தைப் பறித்த அதே மழை, அந்தச் சம்பளத்தில் வாங்கிய அரிசியையும் பிள்ளையின் கொப்பியையும் நனைத்துவிட்டுப் போகிறது. பாடசாலையில் நாங்கள் இதைத் தினமும் பார்க்கிறோம். மழைக்காலத்தில் எந்தப் பிள்ளை எந்த லயத்திலிருந்து வருகிறது என்பதைக் கொப்பியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இனி ஒரு கேள்வி. பால் வெட்டும் தோழர்கள் பதில் சொல்லுங்கள். மழைக்காலத்தில் இறப்பர் மரத்துக்கு என்ன செய்கிறோம்? மழைக்காப்புப் போடுகிறோம். வெட்டுப்பட்டைக்கு மேலே மரத்தைச் சுற்றிப் பொலித்தீனை மடித்து மடித்து ஒட்டி, மேல் விளிம்பில் தார் போன்ற பசையைப் பூசி, ஒரு சொட்டும் கீழே இறங்காதபடி அடைக்கிறோம். இறப்பர் ஆராய்ச்சி நிறுவனம் சிபாரிசு செய்த முறை அது. பொலித்தீனுக்கும் பசைக்கும் காசு இருக்கிறது. போடுவதற்கு ஆள் பெயர் இருக்கிறது. சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்க்கக் கங்காணியும் இருக்கிறார்.

அந்த மரத்துக்குப் பாவாடை கட்டிவிட்டு நாம் வீட்டுக்கு வருகிறோம். வீட்டில் பாத்திரம் வைத்து ஒழுக்குத் தண்ணீர் பிடிக்கிறோம்.

இதைப் பகிடிக்காகச் சொல்லவில்லை. இதில் இரண்டு உண்மை இருக்கிறது. ஒன்று, தண்ணீரைத் தடுக்கும் தொழில் நமக்குத் தெரியும். அதற்கு வெளியிலிருந்து நிபுணர் வரத் தேவையில்லை. இரண்டு, வருமானம் தரும் பொருளை மழையிலிருந்து காப்பது செலவு என்று யாரும் சொல்வதில்லை. மரம் உற்பத்தி என்றால், அந்த மரத்தை வெட்டுகிற கையும் உற்பத்திதான். இன்றைய வகுப்பு இந்த இரண்டையும் சேர்த்துத்தான். ஒழுக்கை அடைப்பது எப்படி என்று பேசுவோம். அடைத்த கணக்கை யாரிடம் கொடுப்பது என்றும் பேசுவோம்.

வீடு யாருடையது?

நம்முடைய லயங்களில் பெரும்பாலானவை வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியவை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு, கல்லும் மண்ணும் சேர்த்த சுவர், மேலே தகரம். குடும்பம் நிரந்தரமாக வாழ்வதற்காகக் கட்டியதல்ல, கூலியாட்களை அடைத்து வைப்பதற்காகக் கட்டியது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசிடம் வந்தன. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. காணி அரசினுடையது, குத்தகை கம்பனியுடையது. கூரையைப் பற்றிக் கேட்டால் கம்பனி அரசைக் காட்டுகிறது, அரசு கம்பனியைக் காட்டுகிறது. நான்கு தலைமுறையாக அந்தக் காம்பராவில் பிறந்து வாழ்ந்து சாகிறவர்களுக்கு மட்டும் ஒரு துண்டு உறுதி கிடையாது.

ஆகவே நம் ஆட்களிடையே இரண்டு விதமான பேச்சு இருக்கிறது. சில தோழர்கள் சொல்கிறார்கள்: "நாமே திருத்தினால் துரைக்குச் சந்தோஷம். அவன் தப்பிவிடுவான். ஒழுகட்டும், அப்போதுதான் கேட்க முடியும்." இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒழுகுகிற இடத்தில் துரை படுப்பதில்லை, நம் பிள்ளை படுக்கிறது. இன்னும் சில பேர் சொல்கிறார்கள்: "யாரிடமும் கேட்கத் தேவையில்லை. நம் வீடு, நம் காசு, நாமே போடுவோம்." இதிலும் மானம் இருக்கிறது. ஆனால் பிறகு என்ன நடக்கிறது?

எங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் ஒரு அண்ணன் சேமலாப நிதிக் காசில் பத்துத் தகரம் வாங்கிக் கூரையைப் புதிதாகப் போட்டார். அவர் பென்சன் போனபின், பிள்ளைகள் கொழும்பில் வேலை செய்கிறார்கள், தோட்டத்தில் யாரும் பெயர் போடுவதில்லை என்று சொல்லிக் காம்பராவைத் திருப்பிக் கேட்டது நிர்வாகம். தகரத்துக்கான பணத்தைக் கேட்டபோது, "யார் போடச் சொன்னது? பில் எங்கே?" என்றார்கள். பில் இல்லை, கடிதம் இல்லை, படம் இல்லை. அந்தப் பத்துத் தகரமும் தோட்டத்தின் சொத்தாகிவிட்டது.

எங்கள் நிலைப்பாடு இதுதான். உயிருக்கும் உடம்புக்கும் ஆபத்தான ஒழுக்கை நாம் காத்திருக்காமல் திருத்துவோம். திருத்துகிற ஒவ்வொரு ஆணியையும் எழுதி வைப்போம். எழுதாமல் போட்ட தகரம் நிர்வாகத்துக்கு நாம் கொடுத்த அன்பளிப்பு. எழுதிவிட்டுப் போட்ட தகரம் நிர்வாகம் நமக்குத் தரவேண்டிய கடன்.

ஒழுக்கைக் கண்டுபிடித்தல்

இப்போது வேலைக்கு வருவோம். சொட்டு விழுகிற இடத்துக்கு நேர்மேலே ஓட்டை இருக்கும் என்று நினைத்து அங்கே தாரை அப்புவதுதான் பெரும்பாலும் நடக்கிற வீண்செலவு. தண்ணீர் மேலே எங்கோ நுழைந்து, தகரத்தின் அடிப்பக்கமாகவோ கைமரத்தின் வழியாகவோ ஓடி வந்து, தடை இருக்கிற இடத்தில்தான் சொட்டுகிறது. ஆகவே மழை பெய்யும்போதே உள்ளேயிருந்து பாருங்கள். ஈரம் தொடங்குகிற இடத்தைக் கரித்துண்டால் மரத்தில் அடையாளம் இடுங்கள். வெயில் நேரத்தில் கதவைச் சாத்தி இருட்டாக்கிவிட்டு மேலே பாருங்கள். ஊசி வெளிச்சம் தெரிகிற ஒவ்வொரு இடமும் ஓட்டைதான். இந்த வேலையைப் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகச் செய்வார்கள்.

தகரக் கூரை ஒழுகுவதற்கு நான்கு இடங்கள் உண்டு. முதலாவது ஆணி ஓட்டை. ஆணி எப்போதும் தகரத்தின் அலையின் மேட்டில் அடிக்கப்பட வேண்டும். பள்ளத்தில் அடித்தால், தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் நாமே ஓட்டை போட்டது போலாகும். ஆடுகிற பழைய ஆணியை மறுபடி அதே துளையில் அடிக்க வேண்டாம், மரம் அதைப் பிடிக்காது. அதைக் கழற்றிவிட்டு, அதைவிடப் பருமனான திருகாணியை இறப்பர் வாசர் போட்டு முடுக்குங்கள். வாசர் வாங்கக் காசில்லை என்றால் பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டுங்கள். வெயிலில் சில வருடத்தில் அது வெடித்துவிடும், மாற்ற வேண்டிவரும், ஆனாலும் அந்த மழைக்குப் போதும்.

இரண்டாவது, தகரமும் தகரமும் சேரும் இடம். பக்கவாட்டில் குறைந்தது ஒன்றரை அலையாவது ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டும். மேல் தகரம் கீழ்த் தகரத்தின்மேல் ஆறு அங்குலமாவது இறங்க வேண்டும். கூரை சாய்வு குறைவாக இருந்தால் ஒன்பது அங்குலம். தகரம் மிச்சம் பிடிப்பதற்காக இதைக் குறைத்தால் காற்று மழைத் தண்ணீரை மேல்நோக்கித் தள்ளி உள்ளே விட்டுவிடும். புதிதாகப் போடும்போது, காற்று வருகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அப்போது சேரும் விளிம்பு காற்றைப் பார்த்து வாய் திறந்து நிற்காது.

மூன்றாவது, துரு தின்ற இடம். கம்பி பிரசால் துருவைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, தார் பூசி, துணியை ஒட்டி, மேலே மறுபடி தார் பூசுங்கள். ஈரத்தில் பூசிய தார் ஒரு மழைக்குக்கூட நிற்காது. ஓட்டை உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தால் தாரால் முடியாது, தகரத் துண்டு போட வேண்டும். அந்தத் துண்டின் மேல்விளிம்பு, மேலே இருக்கிற தகரத்துக்கு அடியில் செருகப்பட வேண்டும். மேலே வெறுமனே வைத்து ஒட்டினால் தண்ணீர் அதன் முதுகுக்குப் பின்னால் இறங்கிவிடும். மழைக்காப்பின் மேல் விளிம்பை ஏன் மரத்தோடு ஒட்டுகிறோமோ, அதே காரணம்தான்.

நான்காவது, முகடும், சுவரோடு இஸ்தோப்புக் கூரை சேருகிற இடமும். நாம் பிறகு சேர்த்துக் கட்டிய குசினிகள் பெரும்பாலும் இங்கேதான் ஒழுகும். சுவரில் சிறு வெட்டு வெட்டி, வளைத்த தகரத் தகட்டின் ஒரு விளிம்பை அதற்குள் செருகிச் சாந்து பூசி, மறு விளிம்பைக் கூரைமேல் இறக்குங்கள்.

காற்றுக்குப் பயந்து கூரைமேல் கல்லும் டயரும் ஏற்றுகிறோம். கல் உருண்டால் தலையில் விழும், டயரில் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு வளரும். டயர் வைக்கத்தான் வேண்டும் என்றால் தண்ணீர் வடிய ஓட்டை போடுங்கள். அதைவிடக் கட்டுக்கம்பி நல்லது. சலாகையைக் கைமரத்தோடும், கைமரத்தைச் சுவரின்மேல் கிடக்கிற மரத்தோடும் கம்பியால் முறுக்கிக் கட்டுங்கள். காற்று கூரையைக் கீழே அமுக்குவதைவிட, விளிம்புக்கு அடியில் புகுந்து மேலே தூக்குவதுதான் அதிகம்.

அஸ்பெஸ்டஸ் சீட் உள்ளவர்களுக்கு

பல லயங்களில் தகரத்தை எடுத்துவிட்டு அஸ்பெஸ்டஸ் சீட் போட்டிருக்கிறார்கள். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சீட் முழுதாக மேலே கிடக்கும்போது ஆபத்து குறைவு. உடைக்கும்போதும், வெட்டும்போதும், காய்ந்த பாசியைச் சுரண்டும்போதும் கிளம்புகிற தூசிதான் எமன். ஆகவே துளை போடுவதற்கு முன் நன்றாக நனையுங்கள். மின்சாரக் கிரைண்டர் வேண்டவே வேண்டாம். உடைந்த துண்டை இடித்து வாசலில் நிரப்பும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள், அதில்தான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். சீட்டின்மேல் நேராகக் கால் வைக்காமல், கைமரங்களுக்குக் குறுக்கே பலகை போட்டு அதில் நில்லுங்கள். பழைய சீட் திடீரென்று உடையும்.

இந்தச் சீட்டுக்கும் நம் கொழுந்துக்கும் உள்ள சம்பந்தத்தை எத்தனை பேர் அறிவீர்கள்? 2018 ஜனவரி முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைத் தடை செய்வதாக அரசு அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில், இலங்கைத் தேயிலைப் பொதியில் கப்ரா வண்டு இருந்தது என்று சொல்லி ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸை நமக்கு விற்கும் பெரிய நாடும் ரஷ்யாதான். சில நாட்களுக்குள் அஸ்பெஸ்டஸ் தடை தள்ளி வைக்கப்பட்டது, தேயிலைக்கு வழி திறந்தது. நாம் பறித்த கொழுந்தை விற்பதற்காக, நம் தலைக்கு மேலே எந்தச் சீட் இருக்கலாம் என்பது நம்மைக் கேட்காமலே தீர்மானமானது. கூரை ஒரு அரசியல் விஷயம் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

அடைக்கக் கூடாத ஓட்டை

எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் நல்லது என்று நினைக்க வேண்டாம். மழைச்சாரலுக்குப் பயந்து அடுப்படியைச் சுற்றிப் பொலித்தீன் கட்டுகிறோம். புகை வெளியே போக வழியில்லாமல் அம்மாவின் நெஞ்சுக்குள் போகிறது. அடுப்புக்கு மேலே, காற்று அடிக்காத பக்கத்தில் ஒரு திறப்பை விட்டு, அதற்குமேல் சிறு தகரத்தைச் சாய்த்து வையுங்கள். முதுகோடு முதுகாகக் கட்டிய இரட்டை லயங்களில் பின்பக்க ஜன்னலே கிடையாது, அங்கே இது இன்னும் முக்கியம்.

சுவரும் அப்படித்தான். மண் சுவருக்கு வெளியே சீமெந்து பூசினால் அழகாக இருக்கும். ஆனால் உள்ளே இறங்கிய ஈரம் வெளியேற முடியாமல் சுவர் உள்ளுக்குள் கரைகிறது, ஒருநாள் சீமெந்து பாளம் பாளமாக விழுகிறது. மண் சுவருக்கு மண்ணும் சுண்ணாம்பும்தான் பொருத்தம். சுவரைக் காப்பது பூச்சைவிடக் கான்தான். கூரை விளிம்பிலிருந்து விழும் தண்ணீர் சுவரின் அடியைத் தோண்டாதபடி கானை வெட்டிச் சுத்தமாக வைத்திருங்கள். தோட்டத்து மலையில் கான் வெட்டி மண்ணைக் காத்தவர்கள் நாம். அதே கான் லயத்தின் பின்னால் தூர்ந்து கிடக்கலாமா?

மேல் டிவிசன்களில் இன்னமும் மின்சாரம் இல்லாத, அல்லது மழை வந்தால் நாள்கணக்கில் மின்சாரம் போகிற லயங்கள் இருக்கின்றன. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது நினைவிருக்கும். காசு குறைந்தால் மருந்துப் போத்தலில் திரி போட்டு எரிக்கிறோம். அது சரிந்தால் படுக்கையே எரியும். இந்த நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, எரிகாயத்தோடு வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து, பாதுகாப்பான குப்பி விளக்கொன்றை உருவாக்கினார். குட்டையானது, கனமானது, உருளாதபடி இரண்டு பக்கம் தட்டையானது, மூடி திருகி இறுக்கக்கூடியது. அதற்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. சூரிய ஒளி விளக்கு வாங்க முடிந்தவர்கள் அதை வாங்குங்கள். முடியாதவர்கள், விளக்கில் இந்த நான்கு குணமும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒழுகுகிற கூரைக்குக் கீழே வயர் இழுத்து மின்சாரம் எடுப்பதை மட்டும் செய்யாதீர்கள்.

திருத்த முடியாதது

தோழர்களே, இதுவரை சொன்னது கூரைக்கும் சுவருக்கும். மலைக்கு இது பொருந்தாது. லயத்துக்குப் பின்னால் மண் நகர்ந்தால், எவ்வளவு நல்ல தகரமும் காப்பாற்றாது.

2016 மே 17ஆம் திகதி நம் கேகாலை மாவட்டத்தில், அரநாயக்க சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், காணாமற்போனார்கள். அதே நாள் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயக் காம்பராக்கள்மேல் மண் விழுந்தது. அதற்கு முன், 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தன. அங்கே ஆபத்து இருக்கிறது என்று முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போவதற்கு வேறு வீடு இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோதும் மலைநாடுதான் மண்ணுக்குள் போனது.

ஆகவே அடையாளங்களைப் படித்துக்கொள்ளுங்கள். லயத்துக்கு மேலே நிலத்தில் புதிய வெடிப்பு. நேற்றுவரை சாத்திய கதவு இன்று சாத்த முடியாமல் இறுகுவது. மரமோ தூணோ சாய்வது. இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, இருந்த பீலி திடீரென்று வற்றுவது, தெளிவாக வந்த தண்ணீர் கலங்கி வருவது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் திருத்த வேலையை நிறுத்திவிட்டு ஆட்களை வெளியேற்றுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள், கிராம சேவகருக்கும் சொல்லுங்கள்.

மழையை அளக்கவும் பழகுவோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிற கணக்கு இது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 ஆனால் புறப்படத் தயாராக வேண்டும். 150 ஆனால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், ஆபத்தான சரிவில் இருப்பவர்கள் வெளியேற வேண்டும். அளக்க இயந்திரம் தேவையில்லை. மேலும் கீழும் ஒரே அகலமுள்ள ஒரு பால்மா டின்னைக் கூரையும் மரமும் இல்லாத வெளியில் நிமிர்த்தி வையுங்கள். தேங்கிய தண்ணீரில் அடிமட்டத்தை நிறுத்துங்கள், அவ்வளவுதான். டின் பெரிதாக இருந்தால் கணக்கு மாறாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். மாறாது. வாய் பெரிதானால் பிடிக்கிற தண்ணீரும் அதே அளவு கூடும், உயரம் ஒன்றாகவே இருக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட நல்ல கணிதப் பாடம் நாங்கள் எங்கே தேடுவது? ஒவ்வொரு லயத்திலும் இரண்டு பிள்ளைகளை மழைக் கணக்குக்கு நியமியுங்கள். தோட்டத் தலைவர் வராத நாளிலும் பிள்ளைகள் அளப்பார்கள்.

கணக்கு கொடுத்தல்

கடைசியாக, எழுத்து வேலை. ஒவ்வொரு டிவிசனுக்கும் ஒரு கொப்பி. ஒரு காம்பராவுக்கு ஒரு பக்கம். எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை இடத்தில் ஒழுகுகிறது, சுவரில் வெடிப்பு உண்டா, பின்னால் மண்மேடு எவ்வளவு தூரம் என்று எழுதுங்கள். திகதியோடு படம் எடுங்கள். திருத்தினால் பில், சிரமதானத்தில் செய்தால் எத்தனை பேர், எத்தனை நாள். அந்த உழைப்புக்கும் பெயர் உண்டு, அதையும் எழுதுங்கள். திருத்துவதற்கு முன் நிர்வாகத்துக்குக் கடிதம் போக வேண்டும், கொடுத்ததற்குக் கையொப்பம் வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிரதி பிரதேச செயலகத்துக்கும், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்கும், சங்க அலுவலகத்துக்கும்.

பாதையும் பொதுக் கானும் பிரதேச சபையிடம் கேட்க வேண்டியவை. தோட்டம் தனியார் இடம், அங்கே செலவு செய்யச் சட்டமில்லை என்று முன்பு சொன்னார்கள். 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டபின் அந்தப் பதில் செல்லாது. நம் வாக்கில் வந்த உறுப்பினரிடம் இதைச் சொல்லுங்கள்.

நம் பகுதியில் அலுவலகங்கள் சிங்களத்தில்தான் நடக்கின்றன, எழுதத் தெரியாது என்று பலர் தயங்குகிறார்கள். அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு நமக்கு உரிமை தந்திருக்கிறது. அதேநேரம், காரியம் விரைவாக நடக்க இரண்டு மொழியிலும் எழுதுவது நல்லது. சிங்களத்தில் எழுதக்கூடிய இளைஞர்கள் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள். ஆசிரியர்களாகிய நாங்களும் இருக்கிறோம். மண் சரிந்தால் மேலே இருக்கிற லயத்தையும் கீழே இருக்கிற சிங்களக் கிராமத்தையும் அது பிரித்துப் பார்ப்பதில்லை. அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் அதே ஒரு மழைதான். மழைக் கணக்கைக் கீழ்க் கிராமத்தாருக்கும் சொல்லியனுப்புங்கள், அவர்களும் நமக்குச் சொல்வார்கள்.

இத்தனை கொப்பிகளும் எதற்கு என்று கேட்கலாம். ஒரு காம்பராவின் ஒழுக்கைத் துரையிடம் சொன்னால் அது ஒரு ஆளின் முறைப்பாடு. ஒரு டிவிசனின் எல்லாக் காம்பராக்களையும் ஒரே கொப்பியில் வைத்தால் அது கோரிக்கை. எல்லாத் தோட்டங்களின் கொப்பியையும் சேர்த்து வைத்தால், இந்த லயங்கள் ஒட்டுப்போட்டுக் காப்பாற்றக்கூடியவை அல்ல, காணியோடு தனி வீடு வேண்டும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. நாம் ஒட்டுப்போடுவது லயத்தில் இன்னும் நூறு வருடம் இருப்பதற்காக அல்ல. அதிலிருந்து வெளியேறும் நாள்வரை பிள்ளைகள் உயிரோடும், காய்ந்த கொப்பியோடும் இருப்பதற்காக.

இன்றைக்குத் தீர்மானம் மூன்று. மழைக்கு முன் ஒவ்வொரு டிவிசனிலும் கூரைச் சிரமதானம். வயதானவர்கள், தனித்து வாழும் தாய்மார்கள், கர்ப்பிணிகள் இருக்கிற காம்பராக்கள் முதலில். இரண்டாவது, ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு மழை டின், இரண்டு பிள்ளைகள், மழை கூடினால் போய்த் தங்குவதற்கு முன்கூட்டியே பேசி முடித்த ஓர் இடம். மூன்றாவது, அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்குத் தலைவர்மார்கள் வரும்போது கையில் கொப்பி இருக்க வேண்டும். வெறுங்கையோடு வந்தால் மாதர் சங்கத் தலைவிகள் கேள்வி கேட்பார்கள், நாங்கள் குறுக்கே வரமாட்டோம்.

ஏணியில் ஏறுகிறவர்கள் தனியாக ஏறாதீர்கள். கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.